பாய்மரப் படகில் வந்தவர்களும் கப்பலில் ஏற்றப்பட்டவர்களும்

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் வழக்கமான பதில்கள் சில உண்டு. பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டு ஊரோடு இருப்பது, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுவது, காசி ராமேசுவரம் என்று புறப்படுவது. மேல்நாட்டில் ஒரு சிறு கூட்டம் இதற்கு வேறொரு பதில் கண்டுபிடித்தது. இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, முப்பது நாற்பது அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, கணவனும் மனைவியுமாக அதிலேயே குடியேறி, வருடக்கணக்கில் வெயில் காயும் தீவுகளைச் சுற்றி வருவது.

கேட்கச் சினிமாக் கதை போல இருந்தாலும் இப்படி வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மிகவும் விரும்பித் தங்கிய ஓர் இடம் நமக்கு அதிகத் தொலைவில் இல்லை. கன்னியாகுமரியிலிருந்து தெற்கே சுமார் 1,600 கிலோமீட்டர், நடுக்கடலில். சாகோஸ் தீவுக்கூட்டம் என்று பெயர். அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் டியேகோ கார்சியா என்ற பெயரை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். படகுத் தம்பதிகள் தங்கியது அங்கே அல்ல. அதற்கு வடக்கே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருக்கும் சலோமோன், பெரோஸ் பான்ஹோஸ் என்ற சின்னஞ்சிறு தீவு வட்டங்களில். (பசிபிக்கில் இருக்கும் சாலமன் தீவுகள் வேறு.)

அந்தத் தீவுகளில் வயதானவர்கள் வந்து தங்கிய கதையும், அதே தீவுகளில் பிறந்த வயதானவர்கள் அங்கே கால் வைக்க முடியாமல் போன கதையும் ஒரே காலத்தில் நடந்தவை. இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தம்பதியாகக் கடலில்

சின்னப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றலாம் என்று முதலில் காட்டியவர் ஜோஷுவா ஸ்லோகம் என்ற கப்பல் தலைவர். 1895-ல் அமெரிக்காவிலிருந்து 'ஸ்பிரே' என்ற படகில் தன்னந்தனியாகப் புறப்பட்டு 1898-ல் திரும்பி வந்தார். ஆனால் அவர் கடலிலேயே வளர்ந்த மாலுமி. சாதாரணக் குடும்பத்து மனிதர்களும் இதைச் செய்யலாம் என்ற துணிச்சலைக் கொடுத்தது எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலத் தம்பதி.

எரிக்குக் கண்பார்வை மிகவும் மந்தம். அப்படிப்பட்டவரும் மனைவியும் 1952-ல் 'வாண்டரர் 3' என்ற முப்பதடிப் படகில் கிளம்பி மூன்று வருடத்தில் உலகத்தைச் சுற்றி வந்தார்கள். 1959 முதல் 1962 வரை அதே படகில் மறுபடியும் ஒரு சுற்று. எங்கே என்ன காற்று அடிக்கும், குடிநீர் எத்தனை நாள் வரும், சமையல் எப்படிச் செய்வது என்று எல்லாவற்றையும் எரிக் நிதானமாகப் புத்தகங்களில் எழுதினார். பிறகு 1968-ல் பெரிய படகு ஒன்றைக் கட்டிக்கொண்டு அதையே வீடாக்கிக்கொண்டார்கள். 1986-ல் நியூசிலாந்தில் எரிக் இறக்கும்போது அவருக்கு வயது 78.

அவர்கள் புத்தகங்களைப் படித்தவர்கள் பலர். அதோடு காலமும் ஒத்துழைத்தது. மரப் படகு என்றால் வருடா வருடம் பலகை மாற்ற வேண்டும், தார் அடைக்க வேண்டும். நம் மீனவர்களுக்குத் தெரிந்த செலவுதான். 1960-களில் கண்ணாடி இழைப் படகுகள் தொழிற்சாலையில் வார்த்து வரத் தொடங்கியதும் விலையும் பராமரிப்பும் குறைந்தன. நட்சத்திரத்தையும் சூரியனையும் அளந்து கணக்குப் போட்டு இருக்குமிடம் அறியும் வித்தை கைவராதவர்களுக்கு 1990-களில் ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. மாதம் பிறந்தால் வங்கியில் ஓய்வூதியம் விழும் நாட்டுக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? இங்கிலாந்து, ஜெர்மனி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்தும் தலை நரைத்த ஜோடிகள் கடலுக்கு வந்தார்கள்.

இந்தியப் பெருங்கடலில் அவர்கள் போகும் பாதை ஒன்று உண்டு. தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து இலங்கையின் காலிக்கு, அங்கிருந்து மாலத்தீவு, மாலத்தீவின் தென்கோடியான அட்டு வட்டத்திலிருந்து சாகோஸ், பிறகு மொரீஷியஸ், சேஷெல்ஸ் அல்லது மடகாஸ்கர். அட்டுவிலிருந்து சலோமோனுக்கு ஏறக்குறைய 280 கடல்மைல். மணிக்கு ஐந்து மைல் போகும் பாய்ப்படகுக்கு இரண்டு மூன்று நாள் பயணம். சாகோஸில் இருக்கும் பெரிய வசதி, அது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பது. மொரீஷியஸையும் மடகாஸ்கரையும் உலுக்கும் புயல்களின் வழக்கமான பாதை அதற்குத் தெற்கே போய்விடும். ஆகவே புயல் காலம் முடியும் வரை இங்கே நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிடலாம்.

பொடாம் தீவில் ஒரு நாள்

சலோமோன் என்பது பவளப் பாறையால் ஆன ஒரு வளையம். அந்த வளையத்தின் மேல் பத்துப் பதினோரு சிறு தீவுகள். நடுவில் அலையில்லாத பச்சை நீர். வடக்கே உள்ள ஒரே வாசல் வழியாகத்தான் படகு உள்ளே வர முடியும். வெயில் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்கும்போது, ஒருவர் படகின் முன்முனையில் நின்று நீரின் நிறத்தைப் பார்த்துக் கையைக் காட்ட, மற்றவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும். கருநீலம் ஆழம், பழுப்பு தெரிந்தால் பாறை. பெரும்பாலும் மனைவி சுக்கானில், கணவர் முன்முனையில். முப்பது வருட தாம்பத்தியத்தின் பொறுமை முழுவதும் அந்த அரைமணி நேரத்தில் தேவைப்படும் என்று கடலோடிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

உள்ளே வந்துவிட்டால் ஊர் ஒன்றும் கிடையாது. கடை, பெட்ரோல் பங்க், டாக்டர், தொலைபேசி எதுவும் இல்லை. அரிசி, மாவு, பருப்பு, டின் உணவு, டீசல் எல்லாவற்றையும் மாலத்தீவிலோ இலங்கையிலோ மாதக்கணக்குக்கு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். காலையில் எழுந்ததும் வானொலியில் மற்றப் படகுகளோடு பேசி வானிலையும் நலமும் விசாரிப்பார்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தால் மேலே விரித்த துணியில் விழும் நீர் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போயிருக்கும். சூரிய மின்தகடும் சிறு காற்றாடியும் விளக்குக்கும் வானொலிக்கும் போதுமான மின்சாரம் தரும். காய்கறி தீர்ந்துபோனால் பயறு முளைகட்டிச் சாப்பிடுவார்கள். மீனுக்குப் பஞ்சமே இல்லை.

பிறகு சிறு தோணியில் கரைக்குப் போவார்கள். சலோமோனில் பெரிய தீவு பொடாம்; பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர். அங்கேதான் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. அந்தக் கிணற்றடியில்தான் துணி துவைப்பார்கள், குளிப்பார்கள். தென்னை எங்கும் மண்டிக் கிடந்தது, கறிப்பலா மரங்கள் காய்த்தன, எலுமிச்சை இருந்தது. கிணற்றுக்குப் போகும் பாதையைப் புதர் மூடாமல் வெட்டி வைத்தார்கள். இடிந்த கட்டடம் ஒன்றை ஒதுங்குமிடமாக்கி அதற்குப் 'படகுச் சங்கம்' என்று பெயரும் வைத்தார்கள். மாலையில் கூடி, பிடித்த மீனைச் சுட்டு, வாலிபால் விளையாடி, புத்தகம் மாற்றிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள். சிலர் ஒவ்வொரு வருடமும் திரும்பி வந்தார்கள். சிலர் பல மாதம் அசையாமல் இருந்தார்கள்.

எல்லாம் சுகம் என்று எண்ண வேண்டாம். வயதானவருக்கு நெஞ்சு வலித்தால் அடுத்த மருத்துவமனை நாள்கணக்குத் தூரத்தில். நங்கூரச் சங்கிலி பவளப் பாறையில் சிக்கிக்கொண்ட நேரத்தில் திடீர்க் காற்று அடித்தால் வீடே பாறையில் ஏறி உடைந்துபோகும். 2009 அக்டோபரில் சேஷெல்ஸிலிருந்து கிளம்பிய ஓர் ஆங்கிலத் தம்பதியைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்துப் போய் 388 நாள் வைத்திருந்தார்கள். அந்தத் தைரியத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

அவ்வப்போது ஆங்கிலேய அதிகாரிகளின் ரோந்துக் கப்பல் வரும். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த முத்திரையில் இருந்த பெயர் 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்'.

இப்போது ஒரு கேள்வி வருகிறது. ஆளில்லாத தீவில் கிணற்றை வெட்டியது யார்? அந்தக் கறிப்பலாவை நட்டது யார்? இடிந்து கிடந்தது யாருடைய வீடு?

கிணறு வெட்டியவர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மொரீஷியஸிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் சாகோஸில் தென்னந்தோப்புகள் போட்டார்கள். வேலைக்கு மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1814-ல் மொரீஷியஸோடு சேர்ந்து இந்தத் தீவுகளும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 1835-ல் மொரீஷியஸில் அடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களிலும் சிலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். தென்னிந்தியரும் அதில் உண்டு. எல்லோரும் கலந்து, கிரியோல் மொழி பேசி, கத்தோலிக்கக் கோயில் கட்டி, ஐந்தாறு தலைமுறையில் ஒரே சனமாகிவிட்டார்கள்.

தேங்காயை உரித்து, உடைத்து, கொப்பரையாக்குவதுதான் தொழில். வேலை காலையில் தொடங்கினால் நண்பகலுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகு மீன்பிடி, கோழி, தோட்டம். தோப்புக் கம்பெனி குறைந்த கூலியும் அரிசி, மாவு, எண்ணெய் போன்ற படியும் கொடுத்தது. பணக்கார வாழ்க்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடு இருந்தது, வேலை இருந்தது, முன்னோர் புதைந்த கல்லறைத் தோட்டம் இருந்தது.

1960-களில் அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு படைத்தளம் தேவைப்பட்டது. டியேகோ கார்சியா பொருத்தமாகத் தெரிந்தது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் சனங்கள் இருக்கக் கூடாது என்று விரும்பினார்கள். மொரீஷியஸ் அப்போது சுதந்திரத்துக்காகப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. 1965 நவம்பர் 8-ம் தேதி சாகோஸைத் தனியே பிரித்து, புதிய பிரதேசம் ஒன்றை ஆங்கில அரசு அறிவித்தது. மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுன் கொடுக்கப்பட்டது. 1966 டிசம்பரில் அமெரிக்காவோடு உடன்பாடு ஆயிற்று. அதில் வெளியே சொல்லாத ஓர் அம்சமும் இருந்தது. பொலாரிஸ் ஏவுகணை வாங்குவதில் இங்கிலாந்துக்கு 1 கோடி 40 லட்சம் டாலர் சலுகை. 1967-ல் தென்னந்தோப்புகளை 6,60,000 பவுனுக்கு அரசே வாங்கியது.

நிலத்தை வாங்கியாயிற்று, மனிதர்களை என்ன செய்வது? இங்கே நிலையான குடிமக்கள் யாருமே இல்லை, எல்லோரும் வந்து போகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று கோப்பில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்து லண்டன் அதிகாரி ஒருவர், தீவு மக்களைக் காட்டில் திரியும் டார்ஜான்கள் என்று கேலி செய்து எழுதிய குறிப்பு பின்னாளில் நீதிமன்றத்தில் வெளிவந்தது.

கப்பலில் ஏற்றப்பட்டவர்கள்

முதலில் யாரையும் விரட்டவில்லை. ஊருக்குத் திரும்ப விடாமல் செய்தார்கள். பெரோஸ் பான்ஹோஸைச் சேர்ந்த ரீத்தா பான்கூ என்ற பெண், வண்டிச் சக்கரம் காலில் ஏறிய தன் சின்ன மகளுக்கு வைத்தியம் பார்க்கக் குடும்பத்தோடு 1968-ல் மொரீஷியஸுக்குக் கப்பலேறினார். குழந்தை பிழைக்கவில்லை. ஊருக்குத் திரும்பக் கப்பல் கேட்டபோது, உங்கள் தீவை விற்றுவிட்டார்கள், இனிப் போக முடியாது என்று பதில் வந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட கணவருக்குப் பக்கவாதம் வந்தது; சில வருடத்தில் அவரும் போய்விட்டார்.

இதற்கிடையில் தீவுகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுவரும் கப்பல்கள் குறைந்தன. 1971-ல் டியேகோ கார்சியாவை முழுவதும் காலி செய்தார்கள். சனங்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, ராணுவ வண்டிகளின் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாங்கள்தானோ என்று பெரியவர்களே பயந்தார்கள் என்று பின்னால் பலர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள்.

1972-ல் சலோமோன் காலியாயிற்று. நமது படகுத் தம்பதிகளின் பொடாம் தீவு அதில்தான் இருக்கிறது. 1973-ல் கடைசியாகப் பெரோஸ் பான்ஹோஸ். 'நோர்ட்வேர்' என்ற சிறிய கப்பலில் மனிதர்களை நெருக்கி அடைத்து ஏற்றினார்கள். ஒரு பெட்டி, ஒரு பாய்மெத்தை, அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசிப் பயணத்தில் லிஸ்பி எலிஸே என்ற இருபது வயதுக் கர்ப்பிணி இருந்தார். மொரீஷியஸில் அவருடைய குழந்தை பிறந்ததும் இறந்தது. மொத்தம் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் பேர் வரை இப்படி மொரீஷியஸிலும் சேஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். கொப்பரைத் தொழில் மட்டுமே தெரிந்த அவர்களுக்கு அங்கே வேலையும் இல்லை, வீடும் இல்லை. அவர்கள் கிரியோல் மொழியில் 'சக்ரென்' என்று ஒரு சொல் உண்டு. துக்கம் என்று பொருள். ஊரைப் பிரிந்த துக்கத்தினாலேயே பலர் இறந்தார்கள் என்று அவர்கள் இன்றும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

நஷ்டஈடாக 6,50,000 பவுன் மொரீஷியஸ் அரசிடம் கொடுக்கப்பட்டது. அது மக்கள் கைக்கு வந்தபோது வருடங்கள் ஓடிவிட்டன. பணத்தின் மதிப்பும் விழுந்துவிட்டது. 1982-ல் மேலும் 40 லட்சம் பவுன் வந்தது. அதை வாங்கும்போது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். இனி ஊர் கேட்க மாட்டோம் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. வைத்தவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது.

ஆள் வாழ முடியாத தீவு

ரீத்தாவின் மகன் ஒலிவியே பான்கூ. ஊரை விட்டு வந்தபோது நான்கு வயது. வளர்ந்து எலெக்ட்ரீசியன் ஆனார். லிசெட் தலாத், சார்லேசியா அலெக்சிஸ் முதலிய பெண்கள் ஏற்கனவே தெருவில் இறங்கிப் போராடி அடிபட்டிருந்தார்கள். அவர்கள் பின்னால் நின்று வளர்ந்த ஒலிவியே, லண்டனில் வழக்குப் போட்டார். 2000 நவம்பரில் உயர் நீதிமன்றம், மக்களை வெளியேற்றிய 1971-ம் வருடச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. டியேகோ கார்சியா தவிர மற்றத் தீவுகளுக்குப் போகலாம் என்று அரசும் ஒப்புக்கொண்டது. ஆனால் கப்பலும் இல்லை, பணமும் இல்லை. எதில் போவது?

2002-ல் அரசு செய்த ஆய்வு ஒன்று, தீவுகள் தாழ்வானவை, கடல் அரிக்கும், குடியேற்றத்துக்குச் செலவு அதிகம் என்று சொன்னது. 2004 ஜூனில், நாடாளுமன்றத்தில் விவாதம் ஏதும் இல்லாமல், அரசியின் பெயரால் ஓர் ஆணை வந்தது: அங்கே வசிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் தீவு மக்கள் ஜெயித்தார்கள். 2008-ல் பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்கள்.

இந்த வருடங்களில்தான் பொடாம் தீவின் கிணற்றடியில் படகுக்காரர்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வாழ முடியாது என்று லண்டனில் வக்கீல்கள் வாதாடிய தீவில், அறுபது வயதும் எழுபது வயதுமான மனிதர்கள் மாதக்கணக்கில் மழை நீரிலும் கிணற்று நீரிலும் மீனிலும் தேங்காயிலும் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஒரு ஊரை நடத்துவது வேறு, படகில் வந்து தங்குவது வேறு என்று பதில் சொல்லலாம். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கப்பல் துறையும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் இருநூறு வருடம் அங்கே வாழ்ந்து காட்டிய சனத்துக்கு, ஒரு மாதம் போய் இருந்து பெற்றோர் கல்லறையைச் சுத்தம் செய்துவிட்டு வரக்கூட அனுமதி இல்லை என்பதற்கு அந்தப் பதில் போதாது. ஏதோ ஒரு நாட்டுப் பாஸ்போர்ட்டும் படகும் வைத்திருந்தவருக்கு முத்திரை கிடைத்தது. அங்கே பிறந்தவருக்குக் கிடைக்கவில்லை.

படகில் வந்த முதியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமில்லை. அவர்கள் யாரையும் விரட்டவில்லை. பலருக்கு வரலாறு தெரிந்திருந்தது. தெரிந்து வருந்தியவர்களும் உண்டு. இடிந்த கோயிலையும் கல்லறைகளையும் படம் பிடித்து, இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று எழுதியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் காலமும் சுருங்கிவிட்டது. 2010-ல் சாகோஸ் கடல் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. மாதக்கணக்கில் தங்கும் வழக்கம் போய், நீண்ட கடல் பயணத்தின் நடுவே பாதுகாப்புக்காக ஒதுங்கும் படகுகளுக்கு, முன் அனுமதியோடு, அதிகபட்சம் 28 நாள் என்று ஆயிற்று.

கரை இறங்கியவர்கள்

தீவு மக்களில் சுமார் நூறு பேரை 2006-ல் ஒரு கப்பலில் கூட்டிப்போய், ஆங்கில அதிகாரிகள் முன்னிலையில் கல்லறைகளைப் பார்க்க விட்டு, உடனே திருப்பி அழைத்து வந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத் தாய் தந்தையர் கல்லறையைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த நேரம் சில மணிதான்.

பிறகு வழக்கு உலக அரங்குக்குப் போனது. 2019 பிப்ரவரியில் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம், சாகோஸை மொரீஷியஸிலிருந்து பிரித்தது சட்டப்படி சரியல்ல, இங்கிலாந்து தன் நிர்வாகத்தை விரைவில் முடிக்க வேண்டும் என்று கருத்துச் சொன்னது. அந்த விசாரணையில் லிஸ்பி எலிஸே தன் கதையைக் கிரியோல் மொழியில் சொன்ன வீடியோவை நீதிபதிகள் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் பேசிய சில நிமிடங்கள், பக்கம் பக்கமாக இருந்த சட்ட வாதங்களுக்குச் சமமாக நின்றன. அதே வருடம் மே மாதம் ஐ.நா. பொதுச் சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் வாக்களித்தன. எதிர்த்தவை ஆறே ஆறு.

2022 பிப்ரவரியில் மொரீஷியஸ் அரசு அனுப்பிய கப்பலில் ஒலிவியே பான்கூவும் லிஸ்பி எலிஸேயும் இன்னும் சில சாகோஸ்காரர்களும் பெரோஸ் பான்ஹோஸிலும் சலோமோனிலும் போய் இறங்கினார்கள். இந்த முறை காவலுக்கு ஆங்கில அதிகாரி யாரும் இல்லை. 2025 மே 22-ம் தேதி, தீவுகளை மொரீஷியஸுக்கு ஒப்படைப்பது, டியேகோ கார்சியாவை மட்டும் 99 வருடக் குத்தகைக்கு வைத்துக்கொள்வது என்று இரு அரசுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்றலாம் என்று அதில் இடமிருக்கிறது. எங்களைக் கேட்காமலே மறுபடியும் எங்கள் தீவைப் பேசி முடித்துவிட்டார்கள் என்று வருத்தப்படும் சாகோஸ்காரர்களும் இருக்கிறார்கள். அந்த வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு வந்து சேர்ந்தது. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் 89 பேர் கனடாவை நோக்கிக் கிளம்பிய மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளித்து, டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அவர்கள் கூடாரங்களில் மூன்று வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே அதே மாதம் சொன்னது. ஆக ஒரே தீவுக்கூட்டத்தில் மூன்று விதமான மனிதர்கள்: விரும்பி வந்து விரும்பியபோது கிளம்பியவர்கள், இருக்க விரும்பியும் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள், போக விரும்பியும் போக விடப்படாதவர்கள்.

நம் வயதில் இது சற்று நெருக்கமாகவே படும். கடைசிக் காலத்தை எங்கே கழிப்பது என்பதுதான் நமக்கெல்லாம் மிஞ்சியிருக்கும் பெரிய முடிவு. மேல்நாட்டுத் தம்பதி கடல் என்று முடிவு செய்தார்கள். அவர்களைத் தடுப்பார் இல்லை. லிசெட் தலாத் தன் ஊர் என்று முடிவு செய்திருந்தார்; முப்பது வருடத்துக்கு மேல் அதற்காகவே போராடி, 2012-ல் மொரீஷியஸிலேயே இறந்தார். ரீத்தா பான்கூ 2016-ல் போனார். தீவில் பிறந்து வளர்ந்த தலைமுறையில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். இளையவர்களுக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது. குடியேற்றம் என்று ஒன்று நடந்தால், பேரப்பிள்ளைகளுக்கு வீடு கட்டுவதற்கு முன்னால் இவர்களை அழைத்துப் போய் இறக்கட்டும். கிணறு எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுக்க அவர்களால் முடியும்.